தகரக் கப்பலும் பாண் ஓட்டோப் பாட்டும்

எங்கள் விறாந்தையில் ஓர் அலுமினியப் பேசின் கிடக்கிறது. கந்தூரிச் சோற்றுக்கு இறைச்சி கழுவ வாங்கியது. நான் பென்சன் எடுத்த நாளிலிருந்து அது கடல். அஸர் தொழுதுவிட்டு வந்து, அதில் முக்கால்வாசிக்குத் தண்ணீர் நிறைத்து, அலுமாரியிலிருந்து தகரக் கப்பலை எடுத்தேன் என்றால் அயல்வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். பெரிய ஆட்களும் வருவார்கள். அவர்கள் மட்டும் வேறு ஏதோ அலுவலாக வந்ததுபோல் நிற்பார்கள்.

கப்பல் ஒரு சாண் நீளம்தான். சிவப்பும் நீலமும் பூசிய மெல்லிய தகரம். கூரைத் தகட்டைத் தூக்கி உள்ளே பார்த்தால், கப்பலாவதற்கு முன் அது ஏதோ ஒரு பேணியாக இருந்ததற்கு அரைகுறை எழுத்துகள் சாட்சி சொல்லும். பின்பக்கம் அடியில் ஈர்க்குக் கனத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு குழாய்கள். ஓட்டுவதற்கு முன் இதற்குத் தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஒரு குழாயில் ஊசிபோடும் சிரிஞ்சால் தண்ணீரை ஏற்றினால் மற்றக் குழாயால் வழியும். குமிழி வராமல் வழிந்தால் வயிறு நிறைந்துவிட்டது. இரண்டு வாயையும் விரலால் பொத்திக்கொண்டே தண்ணீரில் இறக்க வேண்டும். அவசரப்பட்டு விரலை எடுத்தால் காற்றுப் புகுந்துவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். குட்டிக் கரண்டி போன்ற தகர விளக்கில் பஞ்சுத் திரி, நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பற்றவைத்துக் கூரைக்குக் கீழே தள்ளிவிட்டால் நம் வேலை முடிந்தது.

அதன்பிறகு ஒன்றும் நடக்காது. இந்த அரை நிமிடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. பிள்ளைகளில் ஒருவன் கட்டாயம் “இது பழுதாப் பெய்த்து” என்பான். அவன் வாய் மூடுவதற்குள் உள்ளே ஒரு டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். பிறகு படபடபடவென்று பிடித்துக்கொள்ளும். கப்பல் பேசினின் விளிம்பைத் தேய்த்தபடி வட்டமடிக்கத் தொடங்கும்.

இதற்குள் சில்லு இல்லை, பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. விளக்குக்கு மேலே சின்னப் பெட்டி மாதிரி ஒரு பொயிலர். அதன் மேல்மூடி மெல்லிய பித்தளைத் தகடு. சூட்டில் நீர் ஆவியாகி, குழாயில் உள்ள நீரைப் பின்னால் தள்ளுகிறது. தள்ளிய ஆவி குளிர்ந்து சுருங்குகிறது, வெளியே போன நீர் திரும்ப உள்ளே வருகிறது. தகடு ஒருமுறை உப்பி ஒருமுறை அமுங்கும் சத்தம்தான் அந்தப் படபட. இருபது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் அடுத்த கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். போகிற நீரும் வருகிற நீரும் ஒரே அளவு என்றால், கப்பல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டாமா? வகுப்பில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, “ஊதி அணை” என்பேன். ஒரு முழத் தூரத்திலிருந்து அணைத்துவிடுவார்கள். “இப்போது உறிஞ்சி அணை” என்பேன். மூச்சு முட்டும், சுடர் அசையாது. ஊதும்போது காற்று ஒரு கம்பிபோல நேராகப் போகிறது. உறிஞ்சும்போது நாலு பக்கத்திலிருந்தும் வருகிறது. கப்பலின் குழாயிலும் இதே கதைதான். தள்ளுவது ஒரு திசையில், இழுப்பது எல்லாத் திசையிலிருந்தும். அந்த வித்தியாசத்தில்தான் அது ஓடுகிறது.

தோமஸ் பியோ என்பவர் இதற்கு 1891இல் பிரித்தானியக் காப்புரிமை எடுத்தார். சத்தம் போடும் தகட்டுக்கு மக்ஹியூ என்ற அமெரிக்கர் 1915இல் விண்ணப்பித்தார். 2008இல் வந்த மியாசாக்கியின் ‘பொன்யோ’ படத்தில் ஒரு சிறுவனின் இதே பொம்மைக் கப்பல் மந்திரத்தால் ஆள் ஏறும் அளவுக்குப் பெருக்கும். அதைப் பேரப்பிள்ளைகளுடன் பார்த்தபோது, அவர் திரியையும் தண்ணீர் ஊற்றுவதையும் எவ்வளவு சரியாக வரைந்திருக்கிறார் என்று நான் வியந்துகொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு மீன்குட்டியில்தான் கண்.

எனக்கு முதல் கப்பல் கிடைத்தது கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்தில். நாகூர் ஆண்டகையின் பேரில் பன்னிரண்டு நாள் நடக்கும் அந்த விழாவுக்கு, மினாராக்களில் கொடிகள் ஏறுகிற அன்றே கடற்கரை மணலில் கடைகள் முளைத்துவிடும். பக்கீர் பாவாமார் றபான் தட்டும் சத்தம் ஒரு பக்கம், கடலிரைச்சல் ஒரு பக்கம், பெண்கள் வளையல் கடையில் பேரம் பேசுவது ஒரு பக்கம். அதற்கு நடுவில், சட்டிக்குள் ஓடிய ஒரு தகரக் கப்பலின் சத்தம் மட்டும் என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாப்பா விலை கேட்டுவிட்டு நடந்துவிட்டார். நான் நடக்கவில்லை. பத்து யார் போன பிறகு திரும்பிப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் வந்து காசைக் கொடுத்தார். அந்தக் கப்பல் உம்மாவின் வீட்டு அலுமாரித் தட்டில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த வீடே இல்லை. இப்போது என்னிடம் இருப்பவை ஒன்பது. எல்லாம் அதற்குப் பிறகு தேடிச் சேர்த்தவை.

சேர்ப்பவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம். சேர்ப்பவர்கள் பெட்டி கிழியாமல் வைத்திருப்பார்கள், விலை பார்ப்பார்கள். என் அலுமாரியில் ஓடாத சாமானுக்கு இடமில்லை. லண்டனில் இருக்கும் மருமகன் பழைய சாமான் சந்தையில் எடுத்து வந்த ஒரு மாமோட் என்ஜின் உண்டு. மாமோட், ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1930களில் பேர்மிங்ஹாமில் தொடங்கிய நிறுவனம். மாலின்ஸ், மொடல் இரண்டையும் ஒட்டி வைத்த பெயர். பித்தளைப் பொயிலர், சிவப்புச் சில்லு. சிலிண்டரே இடமும் வலமுமாக ஆடி, ஆவி புகும் துளையைத் தானே திறந்து தானே மூடும். வால்வு என்று தனியாக ஒன்றும் வேண்டாம். மகன் டோஹாவிலிருந்து அனுப்பிய ஜேர்மன் வில்ஸ்கோவும் இருக்கிறது. பளபளக்கும் நிக்கல் பூச்சு, பொயிலரில் நீர்மட்டம் தெரியும் கண்ணாடி, கோபுரம்போல் புகைக்கூண்டு. அதன் எரிபொருள் வில்லைகளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பள்ளி ஆய்வுகூடத்தில் புழங்கிய பழக்கத்தில் ஒரு மதுசார விளக்கை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டும் நல்ல என்ஜின்கள். ஆனால் ரசனை என்று வந்தால் நான் பட்சபாதம் பார்ப்பேன். வில்ஸ்கோ சட்டை மடிப்புக் கலையாத மாப்பிள்ளை மாதிரி. எல்லாம் சரியாகச் செய்யும், ஒருநாளும் சிரிக்க வைக்காது. மாமோட் அப்படியில்லை. தொடங்கும்போது துப்பும், வெந்நீரைக் கையில் தெறிக்கும், விரலால் சில்லைத் தட்டிவிட்டால்தான் கிளம்பும். கிளம்பிய பிறகு, சூடான எண்ணெயும் ஈரப் பித்தளையும் கலந்த ஒரு மணம் விறாந்தை முழுக்க நிற்கும். அந்த மணத்துக்காகவே அதை வாரம் ஒருமுறை எரிக்கிறேன். இரண்டையும் விட மேலே நான் வைப்பது தகரக் கப்பலை. ஆவியைக் கட்டுப்படுத்த அந்த என்ஜின்களைச் செய்தவர்கள் இத்தனை உறுப்பு வைத்தார்கள். தகரக் கப்பல் ஆவியை அதன் போக்கில் விட்டுவிட்டு அதிலேயே பயணம் போகிறது.

எங்கள் கரையில் இந்த மோகம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. எங்களுக்குக் கோச்சி இல்லை. 1928இல் மட்டக்களப்பு வரை வந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. கல்முனைக்கு இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். சின்ன வயதில் கரிக்கோச்சி பார்க்க பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டிப் போக வேண்டும். பார்த்தது இரண்டு தடவைதான். சக்கரத்தின் பக்கத்தில் நின்று அது மூச்சுவிட்டதைக் கேட்டவனுக்கு அது போதும். இன்று டீசலில் ஓடினாலும் அறிவிப்புப் பலகையில் புகையிரதம் என்றுதான் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை மாற்றாமல் விட்டதற்கு யாரையாவது பாராட்ட வேண்டும்.

இனி பாட்டுக்கு வருகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்கிறாள். சம்பந்தம் பின்னேரம் நாலரைக்கு எங்கள் ஒழுங்கையால் வரும்.

சூன் பாண் ஓட்டோவைத்தான் சொல்கிறேன். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாண், பணிஸ், மாலுபாண், கூரையில் ஒரு ஒலிபெருக்கி. அதில் வருவது பீத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபியூர் எலீஸ்’. அவர் இறந்து நாற்பது வருடம் கழித்து 1867இல்தான் அது அச்சேறியது. பெயர் தெரியாமல், இசையமைத்தவர் தெரியாமல், முதல் ஒன்பது சுரத்தையும் இலங்கையில் எந்தப் பிள்ளையும் பாடும். அதற்குப் பொருள் பசி. தைவானில் இதே மெட்டோடு வருவது குப்பை லொறி. அங்கே பிறந்த பிள்ளைக்கு இந்த மெட்டைக் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றுமாம். இசைக்கு இயல்பான பொருள் உண்டென்று வாதாடும் நண்பர்களுக்கு இந்த ஒரு உதாரணத்தைச் சொல்லி வாயடைத்திருக்கிறேன். இசைக்கருவி கூடுமா கூடாதா என்று எங்கள் ஊரில் நடக்கும் விவாதத்துக்குள் நான் போகவில்லை. விவாதிக்கிறவர்களின் வாசலிலும் பாண் ஓட்டோ நின்றுதான் போகிறது. 2022இல் பெற்றோல் இல்லாமல் ஓட்டோக்கள் வரிசையில் கிடந்த மாதங்களில் ஒழுங்கை ஊமையாக இருந்ததை நாங்கள் எல்லாருமே கவனித்தோம்.

பாண் ஓட்டோவுக்கு வெகு முன்பே, தெருத் தெருவாகப் பாட்டைக் கொண்டுபோக ஐரோப்பாவில் தெரு ஓர்கன் என்று ஒன்று இருந்தது. தோளில் தொங்கவிட்ட பெட்டி முதல் வண்டியில் வைத்துத் தள்ளும் அலுமாரி வரை பல அளவு. கைபிடியைச் சுழற்றினால் ஒரே சுழற்சி இரண்டு வேலை செய்யும். கொல்லனின் துருத்தி மாதிரி ஒரு துருத்தியை அமுக்கிக் காற்று தரும். ஒரு மர உருளையையும் மெதுவாக உருட்டும். உருளை முழுக்கப் பித்தளை ஆணிகள். ஓர் ஆணி வந்து ஒரு நெம்பைத் தட்டினால் ஒரு குழலுக்குக் காற்றுப் போகும், அந்தச் சுரம் ஒலிக்கும். குறில் சுரத்துக்கு ஒற்றை ஆணி, நெடிலுக்குக் கொடுக்குப்போல் வளைத்து அடித்த நீளக் கம்பி. உருளையை மயிரளவு பக்கவாட்டில் நகர்த்தினால் வேறு ஆணி வரிசை, வேறு பாட்டு. 1892இல் பாரிஸிலிருந்த கவியோலி நிறுவனம் உருளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, துளையிட்ட தடித்த அட்டைகளை விசிறிபோல் மடித்துப் புத்தகமாகப் போட்டது. அதன்பிறகு பாட்டுக்கு நீளக் கட்டுப்பாடு இல்லாமல் போனது. ஒல்லாந்தர் இந்த வண்டிகளை இன்றும் கைவிடவில்லை. உட்ரெக்ட் நகரில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் இதற்கென்றே ஸ்பீல்குளோக் என்ற அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஓர்கன் வாங்க வசதியில்லை, வைக்க வீட்டில் இடமுமில்லை. வீடியோவில்தான் பார்க்கிறேன். ஒருநாள் மருதமுனையில் தறி வைத்திருக்கும் என் பழைய மாணவன் வந்தான். சாரன் நெய்கிற குடும்பம். ஒல்லாந்து ஓர்கன் ஒன்றின் பின்பக்கத்தைப் படமெடுத்திருந்த வீடியோவைப் போனில் காட்டினேன். அட்டைப் புத்தகம் மடிப்பு விரிந்து உள்ளே போய், மறுபக்கத்தில் மடிந்து விழுகிறது. அவன் பாட்டைக் கேட்கவே இல்லை.

“சேர், இது ஜக்காட் அட்டையெல்லவா? துணிக்குப் போடுறத்தப் பாட்டுக்குப் போட்டிரிக்கானுகள்!”

ஆணி அடித்த உருளையையும் காட்டினேன்.

“இது நம்மட டாபி. கட்டையில முளை இரிந்தா விழுது தூக்கும், முளை இல்லாட்டித் தூக்காது. அதானே சேர்?”

அதேதான். நான் புத்தகம் புத்தகமாகப் படித்துச் சேர்த்துக்கொண்டதை அவன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான். சரித்திரம் அவன் பக்கம்தான். பாரிஸில் 1738இல் தானே புல்லாங்குழல் வாசிக்கும் பொம்மையைக் காட்டியவர் வோகான்சன். அதற்குள் இருந்ததும் முளை வைத்த உருளை. அதே மனிதர் 1745இல் தானாக உருவம் நெய்யும் தறியைச் செய்தார். அதைத் திருத்தி, அட்டைகளைக் கோத்து, 1804இல் லியோனில் ஓட விட்டவர் ஜக்காட். பாட்டிலிருந்து தறிக்குப் போன வித்தை, 88 வருடம் கழித்து கவியோலியின் கையில் தறியிலிருந்து பாட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இதில் லண்டன் சார்ள்ஸ் பாபேஜை விட்டுவிட மனம் வரவில்லை. கணக்கட்டவணைகளில் மலிந்த பிழைகளைப் பார்த்துச் சலித்து, இந்தக் கணக்குகளை நீராவி போடக்கூடாதா என்று 1821இல் ஆதங்கப்பட்டவர். பிறகு வடிவமைத்த கணிப்பொறிக்கு ஜக்காட் அட்டையையே எடுத்துக்கொண்டார். பட்டில் நெய்த ஜக்காட்டின் உருவப்படம் அவர் வீட்டில் இருந்தது. அந்தப் படத்தை நெய்ய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. நீராவியையும் துளையட்டையையும் இவ்வளவு நேசித்த மனிதர், தெரு ஓர்கன்காரர்களைக் கண்டாலே எரிந்து விழுவார். அவர்களை அடக்க 1864இல் சட்டமே கொண்டுவர வைத்தவர்களில் ஒருவர். அயலவர்கள் வேண்டுமென்றே அவர் வாசலில் ஓர்கன்காரனைக் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். அவர் கண்மூடி இருபது வருடம் போன பிறகுதான் ஓர்கனும் அவர் நேசித்த அதே துளையட்டையை எடுத்துக்கொண்டது. உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன்.

கதை பாரிஸில் தொடங்கவும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர் மூவர், தண்ணீரின் விசையில் சுழலும் முள் உருளையால் தானே ஊதும் குழல் ஒன்றை விவரித்து எழுதிவைத்தார்கள். 1206இல் அல்ஜஸரி முடித்த நூலில் ஒரு படகு வருகிறது. குளத்தில் மிதக்கும், அதில் நாலு இசைக்கலைஞர் பொம்மைகள் உட்கார்ந்து தாளமும் குழலும் எழுப்பும். அரசரின் மதுவிருந்துக்குச் செய்தது என்பதைப் பள்ளிவாசல் பக்கம் கதைக்கும்போது நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்வேன். 1551இல் தகியுத்தீன், ஆவியின் வேகத்தில் இறைச்சிக் கம்பியைத் திருப்பும் பொறியை எழுதினார். ஆவி முதலில் செய்த வேலைகளில் ஒன்று கெபாப் திருப்பியது என்பதை எங்கள் ஊர்க்காரன் மறக்கக்கூடாது.

போன வருடம் மகன் சின்னக் கைசுற்றிப் பாட்டுப்பெட்டி ஒன்று அனுப்பினான். பதினைந்து சுரம். கூடவே கடதாசி நாடாவும், துளை போடும் கருவியும். நாமே துளைபோட்டு நம் பாட்டை ஏற்றலாம். நான் ஏற்ற நினைத்தது உம்மா பாடும் தாலாட்டை. மூன்று நாள் மேசையில் குனிந்து, துளைக்குத் துளை காதால் அளந்தேன். சுற்றிக் கேட்டால் மெட்டு இருந்தது, தாலாட்டு இல்லை. உம்மாவின் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போகும், அங்கேயும் நில்லாமல் அசையும். துளைக்கு அது தெரியாது. ஆணிக்கும் தெரியாது. அது படி ஏறும், படி இறங்கும், அவ்வளவுதான். பீத்தோவனின் அந்த மெட்டு பாண் ஓட்டோவின் மெலடி சிப்பில் இத்தனை வருடம் சிதையாமல் தப்பிப் பிழைப்பதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அது படிகளால் ஆன மெட்டு. சிப்புக்குள் ஆணி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எப்போது எந்தச் சுரம் என்ற கட்டளை உருளையில் கிடந்ததுபோலவே அதற்குள் எழுதிக் கிடக்கிறது.

நாடாவை எறிந்துவிடவில்லை. உம்மா இல்லாத வீட்டில் அந்தப் படிகளாவது இருக்கட்டும் என்று சுருட்டி வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளை அதைச் சுற்றும்போது வேகம் கூட்டிச் சுற்றுகிறாள். தூக்கம் வராது, சிரிப்பு வருகிறது.

பழைய இரும்பு, பித்தளை வாங்குகிறவர்கள் மாதம் ஒருமுறை எல்லா ஒழுங்கையாலும் வருகிறார்கள். காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை யார் வீட்டுப் பரணிலாவது துருப்பிடித்த தகரக் கப்பல் ஒன்று கிடந்தால், நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். குழாய் அடைத்திருந்தாலும் பரவாயில்லை, ஈயம் விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான் பற்றவைத்து ஓட்டிக் காட்டிவிட்டுத் திருப்பியும் தருவேன்.